பதினான்காம் பாடம்

பொருளடக்கத்தில் விரலை வைத்து மூன்று முறை மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்துவிட்டார். பதின்மூன்றாம் பாடம் இருந்தது. அதற்குக் கீழே நேராகக் கலைச்சொற்கள். பதினான்கைக் காணவில்லை.

பொருளாதார ஆசிரியை பருவத்தின் கடைசி வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். வழக்கம்போலப் பன்னிரண்டாம் பாடத்தில் மணி அடித்தது. "மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக்கூடத் தட்டாமல் ஓடி வந்தது இந்தப் புத்தகத்தைப் பார்க்கத்தான். முதலாண்டு மாணவர்களுக்கான புதிய பொருளாதாரப் புத்தகம், அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதி. அட்டையில் அவர் பெயரும் துறைத்தலைவர் பெயரும் சேர்ந்து இருந்தன.

பதினான்காம் பாடம்தான் 'ஆற்றின் விலை'. எட்டு வருட உழைப்பு. காகித ஆலை கழிவை விட்ட பிறகு ஆறு என்ன ஆனது, கரையோரக் குடும்பங்கள் குடிதண்ணீருக்கு என்ன பாடுபடுகின்றன, அந்தச் செலவு ஏன் ஆலையின் செலவில் சேருவதே இல்லை என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியது. இதைச் சொல்லித் தராமல் என்ன பொருளாதாரம் என்று பாடத்திட்டக் குழுவில் தொண்டை வறளச் சண்டை போட்டு, புத்தகத்தின் கடைசியில் ஓர் இடம் வாங்கியிருந்தார்.

கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆசிரியை வீட்டில் படுத்திருந்தபோது புரூஃப் பார்த்துத் திருத்தியது துறைத்தலைவர். கல்லூரியில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். கட்டடமே தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். ஆசிரியைக்கு அவர் கல்லூரி நாள் தோழர், இருபத்தைந்து வருடப் பழக்கம். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

"ஆலை மேனேஜர் போன மாசம் ரெண்டு தடவ வந்தாரு மேடம்" என்றார், பிரதியை எடுத்துக் கொடுத்த அலுவலக உதவியாளர். "சாரும் அவரும் ஒரே சிரிப்பு."

புத்தகத்துக்குக் காகிதம் இனாமாகக் கொடுத்ததும் அந்த ஆலைதான். ஆசிரியை பேனாவை எடுத்தார். ஒரு தாளில் இரண்டே வரி எழுதினார். 'என் பாடம் இல்லாத புத்தகத்தில் என் பெயர் வேண்டாம். அட்டையிலிருந்து எடுத்துவிடவும்.' கீழே கையெழுத்து. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குக் கிளம்பினார். ஒரு பாடம் குறைந்த பிறகும் சனியன் கனமாகத்தான் இருந்தது.

நிதானம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"டேய், நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"மொதல்ல உக்காரு."

"உக்கார வரல. பதினாலாவது பாடம் எங்க?"

"எடுத்துட்டேன்."

அச்சகத்தின் மேலாவது பழி போடுவார் என்று நினைத்திருந்தார். இப்படிப் பளிச்சென்று சொன்னதும் ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு எடுக்கச் சொன்னது? ஆலைக்காரனா?"

"அவரும் கேட்டாரு. அப்படி ஒரு பாடமே புத்தகத்துல இருக்காதுன்னு சொன்னேன். சந்தோஷமா போனாரு."

"கூசாம சொல்றியே! முதுகுல குத்தறவன் நான் கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடக்கறப்பதான் குத்தணுமா?"

கடிதத்தை மேசைமேல் வீசினார். நிதானம் அதை இரண்டு முறை படித்தார். முகம் சற்று வாடியது.

"புத்தகத்தப் படிச்சியா?"

"பொருளடக்கத்தப் பாத்தேன். அது போதும்."

"அம்பத்தெட்டாம் பக்கத்தத் தெறந்து பாரு. அப்புறம் திட்டு."

வேண்டா வெறுப்பாகத் திருப்பினார். மூன்றாம் பாடம், தேவையும் அளிப்பும். காலங்காலமாகப் பேனா விற்றுக்கொண்டிருந்த உதாரணத்தைக் காணோம். அந்த இடத்தில் கரையோரத் தெருவில் தண்ணீர் கேன் விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று இருந்தது. அவர் எழுதிய வரிகள், அப்படியே.

ஆறாம் பாடம், உற்பத்திச் செலவு. ஆலையின் செலவுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, ஆலை கொடுக்காத செலவு என்று கரையோரக் குடும்பம் ஒன்றின் மருந்துச் சீட்டு. பதினோராம் பாடம், தேசிய வருமானம். ஆற்றுத் தண்ணீரால் நோயாளிகள் பெருகி, மருத்துவமனை வருமானம் கூடினால் அது வளர்ச்சியா என்று ஒரு கேள்வி. அதுவும் அவருடையதுதான். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அந்த ஆறு வந்து நின்றது.

"எல்லாம் அவங்க காகிதத்துலயே" என்று மெல்லச் சிரித்தார் நிதானம்.

ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா விட்டிருப்பியா? தனிப் பாடம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னிருப்ப."

"ஆமா, நின்னிருப்பேன்! எட்டு வருஷம்டா. அதத் துண்டு துண்டா வெட்டி அங்கங்க தூவி வச்சிருக்க. கடைசியில தனியா, கம்பீரமா ஒரு பாடமா இருந்திருந்தா பசங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னிருக்கும். நீ பண்ணது துரோகம்தான். எப்படிச் சுத்திச் சொன்னாலும் துரோகம்தான்!"

நிதானம் கடிதத்தை மடித்து ஆசிரியை பக்கமாக நகர்த்தினார். மறுபடி பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அது சரி, இன்னைக்கு க்ளாஸ்ல எத்தனாவது பாடத்தோட நிறுத்தின?"