ஹார்பின் சம்பந்தம்

ஏற்கெனவே கலைந்திருந்த தலையை யாலிங் இன்னும் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டாள். குவாங்சோவில் ரயிலேறும்போது போட்டிருந்த அதே பழைய சட்டை; நெஞ்சில் நூடுல்ஸ் சாறு கொட்டிய கறை. பார்த்த மாத்திரத்தில் மாப்பிள்ளை தலைதெறிக்க ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் திட்டம்.

"ஹார்பின் வரப்போகுது பொண்ணே. பல்லாவது தேச்சியா?" என்றாள் எதிர்ப் படுக்கைக்காரி. வழியெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி தாய்க்கும் மகளுக்கும் நடந்த சண்டையைச் சினிமா பார்ப்பதுபோல் ரசித்து வந்தவள்.

"தேய்க்கலை அக்கா. அதுவும் திட்டத்துல உண்டு."

கல்யாணமாகாத பிள்ளைகளின் வயது, உயரம், வேலை எல்லாவற்றையும் தாளில் எழுதி, விரித்த குடைமேல் குத்திவைத்துக்கொண்டு பெற்றவர்கள் காத்திருக்கும் பூங்கா ஒன்று குவாங்சோவில் உண்டு. கணவர் போன பிறகு யாலிங்கின் அம்மா ஜெங்ஃபாங்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். பக்கத்துக் குடை குவான் என்கிற பெரியவருடையது. ஹார்பின் குளிருக்குப் பயந்து தெற்கே வந்த மனுஷர், வந்த இடத்தில் மகனுக்கும் பெண் தேடினார். குளிர்காலம் முழுக்க இரண்டு குடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அவர் ஊர் திரும்பிய பிறகு அம்மா மெல்ல ஆரம்பித்தாள்: "மே தின லீவுல ஹார்பின் போயிட்டு வரலாம்டி. நல்ல குடும்பம். நீ வந்து பாரு. உனக்குப் பிடிக்கலைன்னா அதோட விட்டுரலாம், சத்தியமா." அழுது அடம்பிடித்துக் கடைசியில் யாலிங் கிளம்பினாள், 'பிடிக்கலை' என்று சொல்வதற்காகவே.

முகம் கழுவப் போயிருந்த அம்மா இப்போதுதான் திரும்பி வந்தாள். புதிய அரக்கு நிறக் கோட்டு, சுருட்டிவிட்ட முடி, உதட்டில் லேசாகச் சாயம். ஒரு பொத்தான் கழன்றிருந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், மகளின் கோலத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பின்னாடி முடி சரியா நிக்குதா, பாரு" என்று மட்டும் கேட்டாள்.

"அடடா, சம்பந்தியம்மா களை வந்துருச்சு!" என்றாள் எதிர்ப் படுக்கைக்காரி. அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று.

"யாலிங், இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்..."

"கல்யாணப் பேச்சுன்னா வேண்டாம். குவாங்சோலேருந்து இதையேதான் ஆரம்பிக்கறே. மாப்பிள்ளை எப்படி இருப்பான்? அதையாவது சொல்லு."

"பையனை நான் பார்த்ததில்லைடி. பெரியவர் தங்கமான மனுஷன். வீட்டுல பொம்பளைன்னு யாரும் இல்லை."

"மாமியார் இல்லாத வீடா?" எதிர்ப் படுக்கைக்காரி விதை கொறிப்பதையே நிறுத்திவிட்டாள். "யோசிக்காதே பொண்ணே, அள்ளிக்கோ!"

"நீங்க சும்மா இருங்க அக்கா." யாலிங் அம்மா பக்கம் திரும்பினாள். "பாதி வருஷம் பனி கொட்டற ஊரும்மா இது. நான் இங்க வந்து குப்பை கொட்டினா அங்க உனக்கு யாரு இருக்கா? காய்ச்சல்னு படுத்தா ஒரு டம்ளர் வெந்நீர் குடுக்க ஆள் வேண்டாமா?"

"அதைத்தாண்டி நானும் யோசிச்சேன்."

"யோசிச்சுமா என்னை இழுத்துட்டு வந்தே?"

 அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "வேண்டாம்னு தோணினா அவங்க மனசு நோகாம சொல்லு" என்றாள். கண்ணோரம் ஈரம் தெரிந்தது. யாலிங் அதைக் கவனித்தாள். ஆனாலும் இது ஒரு வேளைச் சாப்பாட்டு விஷயமா, விட்டுக்கொடுக்க? மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஹார்பினில் கூட்டம் நெட்டித் தள்ளியது. வெளிவாசலில் காட்ட வேண்டிய அடையாள அட்டையைத் தேடி அம்மா கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். யாலிங் பெட்டியோடு முதலில் வெளியே வந்துவிட்டாள். அம்மா வருவதற்குள் விஷயத்தை முடித்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"யாலிங்தானே? நான் குவான் ஷென்." கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். கஷ்டகாலம், ஆள் பார்க்க நன்றாகவே இருந்தான். கறை படிந்த சட்டையைப் பார்த்தும் அவன் ஓடவில்லை, திட்டம் பாழ்.

"அப்பா அதோ, தூணுக்குப் பின்னாடி. வெளியே வரக் கூச்சப்படறார்" என்று சிரித்தான் அவன். "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

யாலிங் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "தப்பா நினைக்காதீங்க, நேராவே சொல்லிடறேன். இந்தக் கல்யாணத்துல எனக்குச் சம்மதம் இல்லை. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

அவன் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. பெட்டியைக் கீழே வைத்தான். தூணுக்குப் பின்னால், சீப்பைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தலை வாரிக்கொண்டிருந்த பெரியவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு ரொம்பவும் நொந்துபோன குரலில் கேட்டான்:

"ஏங்க, எங்கப்பாவுக்கு என்ன குறைச்சல்?"