மூன்று வரிக்குப் பொன்னாடை

"வாய்யா மாதக் கவிஞரே! இன்னாய்யா இது மொட்டை? மயிலமா, திருவந்திபுரமா?"

திண்டிவனம் கல்யாண மண்டபத்து மாடிப்படியிலேயே வீரமுத்துவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் பாண்டுரங்கன். 'பெண்ணைக்கரைக் கவிக்கூடம்' என்ற பேஸ்புக் குழுவின் நிறுவனத் தலைவர் அவர். 'கவிவேங்கை' என்ற பட்டமும் உண்டு. அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது.

"ஏரிக்கரையிலதாண்ணே."

"நல்லது, நல்லது." எந்த ஏரி, எந்தச் சாமி என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? "இந்தா, மொதல்ல இத மாட்டு. எல்லாருக்கும் புதுசா ஐடி கார்டு அடிச்சிருக்கேன். பேரு, ஊரு, ரத்த குரூப்பு எல்லாம் போட்டு. என்னுத பாரு, ஓ நெகட்டிவ்! ஊருக்கு ஒருத்தனுக்கு இருந்தா அதிசயம். கவிஞன் ரத்தம்னா சும்மாவா?"

வீரமுத்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பொறாமைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார் பாண்டுரங்கன்.

அவருக்கு இன்றைக்கு ஒரே கவலை. முன்வரிசையில் மனை வியாபாரி பெரியதம்பி உட்கார்ந்திருந்தார். விழா பிடித்துப்போனால் குழுவின் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மேலட்டையில் யார் படம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

"பேஜாரு பண்ணாம நல்லா உருகி வாசி. என் புக்கு உன் கையிலதான் இருக்குது."

"வாசிக்கத்தாண்ணே வந்திருக்கேன்."

அந்தக் குழுவைப் பற்றிப் பேசினால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நீ எனக்கு 'அருமை' போட்டால் நான் உனக்கு 'அருமை' போடுவேன்; கல்யாண மொய் கெட்டது. போடாதவனைக் குழுவைவிட்டே தூக்கிவிடுவார் பாண்டுரங்கன்.

அதனால் விழுப்புரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும், பல் விளக்கிக்கொண்டும், கக்கூஸில் உட்கார்ந்துகொண்டும்கூட 'அருமை கவிஞரே, தொடருங்கள்' என்று தட்டிவிட்டுப் போவார்கள். படித்தார்களா? தூ! அதைக் கேட்கிறவன்தான் அங்கே நாகரிகம் தெரியாதவன்.

அதிக 'அருமை' வாங்கிய கவிதைக்கு மாதா மாதம் பொன்னாடை. கோலியனூர் வீரமுத்து அதற்காக ஏங்காத மாதமில்லை. கடைசியில் இந்த மாதம்தான் அவனுக்கு 'அருமை' கொட்டியிருந்தது. முதல் ஆளாய்ப் போட்டவர் சாட்சாத் பாண்டுரங்கன்.

மைக்கைப் பிடித்தவர் லேசில் விடவில்லை.

"கவியுறவுகளே! நம்ம வீரமுத்து மூணே மூணு வரிதான் எழுதினார். 'அம்மா இன்னும் கண் முழிக்கல'ங்கறார். யாருய்யா அந்த அம்மா? அவரப் பெத்த அம்மாவா? இல்ல! நம்ம தமிழ்த்தாய்!"

கைதட்டல். இரண்டாம் வரிசையில் ஒருவர் கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். பார்க்கவே குமட்டியது.

"கடைசி வரியப் பாருங்க. 'பொழுது சாயறதுக்குள்ள...' அப்டின்னு நிறுத்திட்டார். முடிக்காமலே முடிச்சிட்டார்யா! மீதிய நாமதான் எழுதிக்கணும். அதுதான் நவீனம்!"

பெரியதம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'புக்கு போட்டுடலாம்' என்று அங்கிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பாண்டுரங்கனுக்கு வாயெல்லாம் பல்.

வீரமுத்துவின் தோளில் பொன்னாடை விழுந்தது. அவன் மைக்கை வாங்கி, செல்போனைக் கையில் எடுத்து, நிதானமாக வாசித்தான்.

"அம்மா இன்னும் கண் முழிக்கல,
கூப்ட்டுக் கூப்ட்டுத் தொண்டை வத்திப்போச்சு,
பொழுது சாயறதுக்குள்ள..."

"அருமை! அருமை!" மண்டபமே கத்தியது. இதற்கு மட்டும் ஒரு நாளும் குறைச்சல் இருந்ததில்லை. மைக்கை வாங்கக் கையை நீட்டினார் பாண்டுரங்கன்.

வீரமுத்து கொடுக்கவில்லை.

"இருங்கண்ணே. இன்னும் முடியல." பொன்னாடையை உருவி மேசைமேல் வைத்தான். "இது ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்திக்கினு டைப் பண்ணது. எங்கம்மா உள்ள கெடந்தாங்க. நேத்துதான் அவங்களுக்குக் காரியம் முடிஞ்சுது."

பெரியதம்பி தூக்கிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"இன்னாய்யா சொல்ற? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா எங்ககிட்ட?" என்றார் பாண்டுரங்கன், பெரியதம்பியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

"சொன்னேண்ணே. நம்ம குரூப்புல இத்தினி பேரு இருக்கீங்களேன்னுதான் இங்க போட்டேன். இந்த மூணு வரிக்குக் கீழ 'மேலும் படிக்க'ன்னு ஒண்ணு இருக்குது. அத ஒருத்தருமே அழுத்தல. மீதியையும் வாசிச்சுடறேன்."

வீரமுத்து செல்போனைப் பார்க்கவில்லை. பாண்டுரங்கன் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், இருக்கறவங்க ஜல்தி வாங்க."