‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு

சாந்தாமணி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

வரியின் முடிவில்கூட அல்ல. ஒரு சொல்லின் நடுவில். ‘நிலவொளியில்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நிலவொ’ வரைக்கும் வந்து, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அவ்வளவுதானுங்க. அங்க டேப் முடிஞ்சிரும்.”

மொட்டை மாடியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்த ‘நிலவொ’ அவளுக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வருடமாகக் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது. அவள் கணவர் தனபால் இதே பாட்டைப் பாடுவார். இதே சரணம். இதே மூன்றாவது வரி. ‘நிலவொ’. பிறகு தண்ணீர் விழும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடுக்ககத்தில் பழைய பாட்டுக் கூட்டம். ஆளுக்கு ஒரு பாட்டு பாட வேண்டும். அது கிளப்பிவிடும் நினைவையும் சொல்ல வேண்டும். ஏற்பாடு, இரண்டாம் மாடி ரங்கநாயகி டீச்சர்.

“பாட்டு சரி. ஞாபகம் எங்கீங்க?” என்றார் டீச்சர்.

சாந்தாமணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இருபது வயசுல ஒருத்தர் பதிஞ்சு குடுத்த கேசட்டுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.”

மாடியே ஓவென்று கத்தியது.

“வூட்டுக்காரருக்குத் தெரியுமாக்கா?”

“அந்தக் கேசட்டத் தூக்கி எறிஞ்சதே அவருதான்!”

மறுபடி சிரிப்பு. தனபால் மட்டும் தண்ணீர் கேன் பக்கம் திரும்பி நின்றார். கோப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன் சாந்தாமணி மூன்றாம் மாடிக்குக் குடிவந்தபோது அவர் மனைவியிடம் சொன்னார்: “புதுசா வந்திருக்காங்க. ஆரு எவருன்னு தெரியல.”

அவள் யோசித்துப் பார்த்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தவள் அவள். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. ஆறு பாட்டு முழுதாக அடங்கும். மிச்சம் இரண்டு மூன்று நிமிட நாடா. அதைக் காலியாக விட்டால் வாங்க வருகிறவர் சண்டைக்கு நிற்பார். அதனால் ஏழாவது பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். நாடா எங்கே தீர்கிறதோ அங்கே பாட்டு அறுந்துபோகும்.

எங்கே அறுமென்று பதிகிறவருக்கே தெரியாது.

ஒரே பட்டியலை இரண்டு கேசட்டில் பதிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் அறாது. ஒன்றில் நாடா கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பொத்தானை அழுத்தும் விரல் ஒரு கணம் பிந்தும். கூட்டமில்லாத மத்தியானங்களில் அவளே பதிந்து, பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு முறைகூட ஒத்துப்போனதில்லை.

ஒரே சொல்லின் ஒரே எழுத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால், கேட்டது ஒரே கேசட். அல்லது ஒன்றிலிருந்து எடுத்த இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் ஒரு கை கொடுத்திருக்கிறது, ஒரு கை வாங்கியிருக்கிறது.

எங்கே பதிந்தது என்று கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

“ஹாஸ்டல்ல எவனோ வெச்சிருந்தான்” என்றார்.

அந்த எவனோவை இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அவனுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்து வைத்திருந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன்.

இருபது வயதுக் கதை போகட்டும். யாருக்கு இல்லை? போன மாதம் சொன்னதுதான் உறுத்தியது. ஆரு எவருன்னு தெரியல.

இன்னும் எதெல்லாம் அப்படிச் சொன்னதோ.

“அடுத்தது தனபால் சார்!” பக்கத்து வீட்டு லோகு கையை ஆட்டினார். “நீங்க பாத்ரூமுல பாடறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்குமுங்க. இப்ப அக்கா பாடுனாங்களே, அதேதானுங்களே?”

தனபால் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார்.

“எனக்கு அந்தப் பாட்டே தெரியாதுங்க லோகு.”

லோகு சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

தனபாலின் மனைவி எழுந்தாள்.

“நான் பாடறனுங்க.”

முதலிலிருந்து தொடங்கவில்லை. ‘நிலவொளியில்’ என்ற இடத்திலிருந்து எடுத்தாள். கடையில் முழுப் பாட்டையும் எத்தனையோ முறை ஓட்டியவள். ஒரு சொல் பிசகவில்லை.

மிச்சம் நாலே வரி. தை பிறந்ததும் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு ஒருவன் போவான், கேசட்டில் இருந்த பகுதியில். அறுந்துபோன இந்த நாலு வரியில் தை போகும், மாசி போகும். காத்திருந்தவள் படித்துறையில் தனியாக நிற்பாள். பாட்டு அங்கே முடியும்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

சாந்தாமணி தட்டவில்லை. இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“கடைசீல அவன் வரவே மாட்டானா?”

மெதுவாகத்தான் கேட்டாள்.

பாடியவளைப் பார்த்துக் கேட்கவில்லை.