குதிகால் பிடி

மூன்றாவது தடவையும் குதிகால் பிடி தானாகத் திறந்துகொண்டது. பனிச்சறுக்குக் கட்டை ஒரு பக்கம் போக, லியோன்ஹார்ட் மறுபக்கம் உருண்டான்.

சரிவின் அடியில் நின்ற அவன் மனைவி வால்புர்கா ஓடி வந்தாள். பூட்ஸைக் கட்டையோடு பூட்டி வைத்து, விழுந்தால் மட்டுமே விட வேண்டிய பிடி அது. இரண்டு வருடமாக அவள் வடிவமைத்தது. நாளை இன்ஸ்ப்ரூக்கிலிருந்து கம்பெனிக்காரர்கள் அதை வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள்.

"ஸ்பிரிங் சரியில்ல. வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன்," என்றாள்.

"ஸ்பிரிங் மேல தப்பில்ல, வாலி." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன்."

அவள் முகம் மாறியது. "எத்தன நாளா?"

"கல்யாணத்துலேர்ந்து."

"வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு மட்டும்."

வால்புர்கா பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன வியாதி? எதுவானாலும் சொல்லுடா, தாங்கிக்கறேன்."

"பிடியை எவ்வளவு இறுக்கணும்னு கணக்குப் போட என் எடையைக் கேட்டியே... கல்யாணத்தப்போ சொன்ன அதே எழுபத்தெட்டுன்னு சொன்னேன்ல?"

"ஆமா. அதுக்குத் தகுந்த மாதிரிதானே இறுக்கினேன்!"

"தொண்ணூத்தி நாலு."

அவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பிடியின் திருகை இரண்டு சுற்று இறுக்கினாள். நான்காவது தடவை அவன் அடிவாரம் வரை விழாமல் சறுக்கி வந்தான். போன் அவள் பைக்குள்ளேயே இருந்தது.

மதியம் அவன் தட்டில் ஒரே ஒரு மாவுருண்டைதான் விழுந்தது.

"இன்னும் ரெண்டு வை, வாலி."

"எழுபத்தெட்டுக் கிலோவுக்கு ஒண்ணு போதும்."