டேங்கைத் தொடாதே

"டேங்கைத் தொடாதே!"

ஆர்வில்லும் அவர் மனைவி நடீனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஊரில் மெக்கானிக் என்று இருப்பது நான் ஒருவன். ஆனால் அன்று எனக்கு வைத்தியம் சொல்லித் தந்தது அவர்கள்தான்.

கார்புரேட்டர் காலத்துப் பழைய பிக்கப் வண்டி. பின்னால் கன்றை ஏற்றியாகிவிட்டது. மதியத்துக்குள் ஏலச் சந்தையில் அதை விற்றால்தான் மற்ற மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். வண்டியோ கிளம்புவேனா என்கிறது.

கார்புரேட்டர் வாயில் என் கேனின் அடியில் மிச்சமிருந்த ஒரு மூடி பெட்ரோலை ஊற்றினேன். இன்ஜின் பிடித்தது, நாலு இருமல் இருமியது, அணைந்துவிட்டது.

"பெட்ரோல் வந்து சேரலைய்யா. டேங்க்ல இருக்கா இல்லையா?"

"பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு உடைஞ்சு வருஷமாச்சு லூதர். ஆனா இருக்கு. நேத்துதான் நிரப்பினேன்," என்றார் ஆர்வில், என் முகத்தைப் பார்க்காமல்.

"நிச்சயமா இருக்கு," என்றாள் நடீன். "பம்ப் போயிருக்கும். அதைக் கழட்டிப் பாருங்க."

பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத பெண்மணி! எனக்குச் சுருக்கென்றது.

கழற்றினேன். பம்ப் நன்றாகத்தான் இருந்தது. ஃபில்டர் சுத்தம். குழாயில் ஓட்டை இல்லை. கன்று வேறு கத்த ஆரம்பித்துவிட்டது.

"பக்கத்து வீட்டு டெல்பாகிட்ட ஒரு கேன் பெட்ரோல் கேட்டுப் பார்ப்போமா?"

"அவகிட்டயா?" நடீன் சீறினாள். "அவ நாய் என் கோழி அத்தனையும் தின்னுச்சு. செத்தாலும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

"ஆமாமா, அவ பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது," ஆர்வில் அவசரமாக ஒத்து ஊதினார்.

எனக்கு மனசே ஆறவில்லை. டெல்பாவின் புருஷன் டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கையில் காசில்லாமல் அவள் தினமும் அவ்வளவு தூரம் காரில் போய்வருகிறாள், எப்படித்தான் சமாளிக்கிறாளோ. ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட இவர்களுக்கு மனசில்லை. கோழி பெரிதாகப் போய்விட்டது!

வந்த கோபத்தில், இருவரும் தடுக்கத் தடுக்க, ஒரு குச்சியை ஒடித்து டேங்குக்குள் விட்டேன். நுனிகூட நனையவில்லை.

"பாதியாவது இருக்கணுமே!" ஆர்வில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நடீன் தரையைப் பார்த்தாள்.

அப்போது கேட் பக்கம் டெல்பாவின் கார் வந்து நின்றது. தயங்கித் தயங்கித் தலையை நீட்டினாள்.

"வண்டி கிளம்பலையா ஆர்வில்? கோபம் இருந்தா இருக்கட்டும், என் டேங்க்ல இருந்து எடுத்துக்கோங்க. எந்தப் புண்ணியவானோ தினம் ராத்திரி வந்து ஊத்திட்டுப் போறாரு. இன்னைக்கு மூடியைத் திறந்தா, நிரம்பி வழியுது!"

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களுமா?" என்றாள் நடீன்.