முன்னால் வைத்த கிண்ணம்

பாதித் தலை மழித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்தா என் பிள்ளை கையை வீச வேண்டும்?

கத்தி அவன் காதுக்கு மேலே இருந்தது. மடியில் வைத்திருந்த தாய்மாமன், என் தம்பி பொன்னுவேல், சட்டென்று அந்தக் கையைப் பிடித்திராவிட்டால் விரல் போயிருக்கும்.

நான் போட்ட சத்தத்தில் முடிக்கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார், முடி இறக்கிக்கொண்டிருந்த சேனாதிபதி. அவ்வளவு பக்கத்தில் வந்த கை அவருக்குத் தெரியவே இல்லை.

உட்கார்ந்ததிலிருந்தே அந்த மனிதர் மேல் எனக்கு எரிச்சல். யாரும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கைப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். அவர் இரண்டு முழங்காலுக்கும் நடுவே, நேர் முன்னால் வைத்திருந்தார். தம்பியின் கால் பட்டுப் பட்டுத் தண்ணீர் சிந்தியது. கொஞ்சம் தள்ளி வையுங்களேன் என்றதற்கு, "அது எங்க வீட்டு வழக்கம்ங்கம்மா. எங்கய்யா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். பழனிக்கு வந்து சண்டை போடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விடுவதாக இல்லை. ஆனால் எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அவரிடம் போய்விட்டார்.

இவர் மதுரையில் கண் டாக்டர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் இலைக்காரரின் கண்ணைத்தான் பார்ப்பார். அதே சேனாதிபதியிடம் தன் தலையைக் கொடுத்து மொட்டையாகி, சந்தனம் பூசி நின்றவர், அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என் மூக்கை மட்டும் பாருங்க" என்றார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை ஆட்டினார். "ஏதாச்சும் ஆடுதா?"

"என்ன ஆடணும்ங்க?"

கைகளை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். கன்னத்தை ஒட்டி வந்த பிறகுதான், "ஆ, விரலு!" என்று சிரித்தார் சேனாதிபதி.

இவர் சிரிக்கவில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேலே விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"எனக்குப் பார்வை நல்லாத்தான்ங்க இருக்கு. புள்ளை தலையில ஒரு ஈரு கெடந்தாக்கூட எடுத்துருவேன்."

என் பிள்ளை தலையில் ஈரா? வேறு சமயமாக இருந்தால் அதற்கே ஒரு பாட்டம் கத்தியிருப்பேன்.

"நேரா பாக்குறது கடைசி வரைக்கும் நல்லாத்தான் தெரியும்" என்று இவர் தணிந்த குரலில் சொன்னார். "ஓரத்துல இருந்து கொஞ்சங்கொஞ்சமா போகும். வலிக்கவும் வலிக்காது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிக் கெடக்கு. கிளாக்கோமான்னு பேரு. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து போட்டோ, ஆபரேஷன் பண்ணியோ மிச்சத்தைக் காப்பாத்தலாம். மதுரைக்கு வாங்க."

சேனாதிபதி கத்தியைக் கீழே வைத்தார். யாராவது கேட்டுவிட்டார்களா என்று தலையை முழுதாகத் திருப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்கய்யா. கண்ணு தெரியாதவன்னு பேச்சு வந்தா, நாளைக்கு இந்த எடத்துல வேற ஆளு உக்காந்துருவான்."

நான் பிள்ளையைத் தூக்கப் போனேன்.

"இருக்கட்டும். இவரே முடிக்கட்டும்" என்றார் இவர்.

"உங்க பரோபகாரத்துக்கு என் பிள்ளை தலைதானா கிடைச்சுது?" கேட்டே விட்டேன்.

இவர் பிள்ளையின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். பாதித் தலையோடு இன்னொருவரிடம் போனால் கொட்டகை முழுக்க விஷயம் தெரிந்துவிடும். அது எனக்கும் புரிந்தது. புரிந்ததால் கோபம்தான் அதிகமானது.

முருகா முருகா என்று நின்றேன். ஒரு கீறல் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு சுத்தமான மொட்டையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வெரசா வாக்கா, வண்டி போயிரும்" என்றான் பொன்னுவேல். பக்கத்து ஊர் பாலசமுத்திரத்தில் அம்மா சமைத்து வைத்துவிட்டு வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "உங்கய்யாவுக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டார்.

"கடைசியில கைத்தாங்கல்தானுங்க. வயசானா எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"கிண்ணத்தை ஏன் முன்னால வச்சாராம்?"

"பக்கத்துல வச்சா கை தட்டிக் கொட்டிப்புடுதுன்னு..."

சேனாதிபதி பாதியில் நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி, தனக்கு அப்பால் இருந்த வரிசையைப் பார்த்தார்.

"அடுத்தாப்புல இருக்கது என் தம்பி சுப்புராஜுங்க" என்றார். "அதுக்கு அங்கிட்டு இருக்கவங்களும் எங்கூடப் பொறந்தவங்கதான்."

நானும் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. ஒவ்வொருவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கிண்ணம்.

வண்டி போனால் போகட்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

இவர் சந்தனம் காயாத மொட்டைத் தலையோடு போய், சுப்புராஜ் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சுப்புராஜ் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "எறக்குறதுக்கு முடியே இல்லையேங்கய்யா?"

"என் மூக்கைப் பாருங்க" என்றார் இவர்.