பிள்ளைகள் நாலா, ரெண்டா?

“நான் உன் புருஷனா இருந்தேன், நிவெஸ்.”

“இருந்தே. நான் இல்லேங்கலையே, துல்லியோ.”

இத்தாலியின் ஃபெர்ராரா நகரில் காப்பிக் கடை நடத்தும் யோலாண்டா, மேசை துடைப்பதை அப்படியே நிறுத்திவிட்டாள். அந்த நேரத்தில் கடையில் இருந்ததே அந்த இருவர்தான். இருவருக்கும் முப்பது வயதுதான் இருக்கும். அதற்குள் விவாகரத்தா? அடுத்தவர் குடும்பக் கதையை ஒட்டுக்கேட்பது தப்புதான். அதற்காகக் காதைக் கழற்றி வைக்க முடியுமா?

“நம்ம வீடு ஆத்தோரமா இருந்துச்சு,” என்றான் துல்லியோ.

“கொசுக்கடியிலயா? சர்ச்சுக்குப் பின்னால, மூணாவது மாடியில இருந்துச்சு.”

“சரி. நமக்கு நாலு பிள்ளைங்க இருந்தாங்க.”

“நாலா! ரெண்டுதான் இருந்தாங்க.”

பெற்ற பிள்ளைகளின் கணக்குக்கூடத் தெரியாத தகப்பன்! யோலாண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் சமையலைவிட உங்கம்மா சமையல்தான் உசத்தின்னு நீ ஒரு நாளும் சொன்னதில்ல,” என்றாள் நிவெஸ்.

“அது மட்டும் கொஞ்சம் கஷ்டம், நிவெஸ்.”

அவள் சிரித்துக்கொண்டே அவன் தட்டிலிருந்த கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு ஆசையாக இருப்பவர்களைப் பிரிந்தே இருக்க விட்டால் தன் மனசு ஆறாது என்று யோலாண்டாவுக்குத் தோன்றியது. துடைக்கிற துணியோடு அவர்கள் மேசைக்கே வந்துவிட்டாள்.

“நானும் அப்பலேருந்து பாக்கறேன், ‘அப்படி இருந்தோம், இப்படி இருந்தோம்’னு அதையே சொல்லிட்டிருக்கீங்க. பிரிஞ்ச அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

“என்ன நடந்திருந்தாலும் போகட்டும். அந்தப் பிள்ளைங்க முகத்துக்காகவாவது சேர்ந்துக்கங்க. தம்பி, வாயத் தொறந்து கேளு. அவ மாட்டேன்னா நான் பாத்துக்கறேன்.”

துல்லியோ காதுவரை சிவந்துபோய் எழுந்து நின்றான். “நிவெஸ், என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா?”

“பண்ணிக்கறேன்,” என்றாள் நிவெஸ். அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“அப்படிப் போடு!” யோலாண்டா துணியைத் தலைக்குமேல் சுழற்றினாள். “போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. ஐஸ்கிரீம் என் செலவு!”

“எங்களுக்கு ஏதும்மா பிள்ளைங்க? நேரா கேக்க இவனுக்கு தைரியம் வரல. அதான், ‘நான் ராஜாவா இருந்தேன், நீ ராணியா இருந்தே’ன்னு சின்னப் பசங்க இல்லாததை இருந்ததாச் சொல்லி விளையாடுவாங்களே, அப்படி விளையாடிட்டிருந்தோம். இவன் என்னை நிஜமா கேட்டதே இப்பத்தான், நீங்க அதட்டின பிறகுதான்!”